வேன் சக்கரத்துக்குப் போட்ட கற்கோடரி குறித்து ஓட்டுநர் சொன்னது

என் முழுப்பெயர் அடையாள அட்டை நகலில் இருக்கிறது. அந்தப் பெயரில் என்னைக் கூப்பிடுகிறவர்கள் இப்போது யாரும் இல்லை. பிரேக்கண்ணன் என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். வயது ஐம்பத்து நான்கு. படிப்பு பத்தாம் வகுப்பு. தேர்ச்சியா என்று ரைட்டர் கேட்டார், பரீட்சை எழுதினேன் என்று மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னேன். தொழில், சொந்தமாக ஒரு பழைய வேன் வைத்து வாடகைக்கு ஓட்டுவது. இருப்பிடம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் இறங்கும் சரிவுத் தெருவில் கடைசி வீடு. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானாகவே இன்று காலை நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். கூட என் மகள் வந்திருக்கிறாள். அவள் வற்புறுத்தவில்லை, வண்டியை விட்டு இறங்கியதும் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள், அவ்வளவுதான்.

கற்கோடரி திருட்டு என்று நேற்று மாலை முதல் இங்கே விசாரணைக்கு உட்கார வைத்திருக்கும் வாட்ச்மேன் அந்தக் கல்லைத் தொடவே இல்லை. திருட்டே நடக்கவில்லை. கல்லை எடுத்தவன் நான். என் வேன் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குப் போட எடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம், நான் ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தால் முடிப்பதற்குள் பாவம் அவருக்கு மத்தியானச் சாப்பாடும் இங்கேயே ஆகிவிடும் என்று என் மகள் சொன்னதுதான். இனி வரிசையாகச் சொல்கிறேன்.

ஊருக்கு வெளியே புதிய கால்வாய் வெட்டப்போகும் மேட்டு நிலத்தில், இயந்திரங்கள் வந்து இறங்குவதற்கு முன்னால், மண்மேல் சிதறிக் கிடக்கும் பழைய பொருள்களைப் பதிவு செய்ய ஒரு தொல்லியல் குழு வந்திருக்கிறது. என் மகள் அதில் பதிவுப் பணியாளர். தற்காலிக வேலை. இந்த மாதக் கடைசியில் வேலை நீடிக்குமா இல்லையா என்று சொல்வார்கள். குழுவுக்குத் தண்ணீர் கேன், பொருள்களைப் பரப்பி வைக்கும் தட்டு, கூடாரச் சாமான் ஏற்றி இறக்க ஒரு வண்டி வேண்டும் என்றபோது என் மகள் என்னைச் சொல்லவில்லை, வேறொருவரைச் சொன்னாள். அவர் வரவில்லை. அதன் பிறகு நான் வந்தேன்.

அவர்கள் வேலை செய்யும் முறை வேறு மாதிரி. எல்லோரும் இடைவெளி விட்டு ஒரே வரிசையில் நின்று, தலையைக் குனிந்து, தரையைப் பார்த்துக்கொண்டே மெல்ல நடப்பார்கள். முதல் நாள் அதைப் பார்த்தபோது யாரோ சாவியைத் தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்து நானும் இறங்கிக் கூடத் தேடினேன். ஏதாவது கண்ணில் பட்டால் அதை எடுக்க மாட்டார்கள். பக்கத்தில் கம்பிக்காலில் ஒரு சிவப்புக் கொடி குத்திவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதன் பிறகு என் மகள் வந்து, அது கிடக்கும் இடத்தைக் கருவியால் அளந்து, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சின்ன அளவுகோலையும் வடக்கு காட்டும் அம்பையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, எண் கொடுப்பாள். அதற்குப் பிறகுதான் அது பைக்குள் போகும். கற்கால மனிதர் செதுக்கிய கல், இரும்பு உருக்கிய கசடு, யாரோ கழுத்திலிருந்து அறுந்து விழுந்த கண்ணாடி மணி, இடைக்காலத்துத் தட்டின் பளபளப்பான துண்டு என்று எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான். எப்போதோ ஒருவர் தட்டை உடைத்ததற்கு என் மகள் உட்கார்ந்து எண் கொடுக்கிறாள். என் வீட்டில் தட்டை உடைத்தால் என் மனைவி கொடுப்பது வேறு.

பொருளைவிட அது எங்கே கிடந்தது என்பதுதான் பெரிது என்று மகள் சொல்லியிருக்கிறாள். எதன் பக்கத்தில் எது கிடந்தது என்று தெரிந்தால்தான் அங்கே யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று சொல்ல முடியுமாம். எடுத்து மேசைமேல் வைத்துவிட்டால் அது வாய் பேசாது என்றாள். ஆகையால் எனக்கு முதல் நாளே ஒரு விதி போட்டாள்.

"அப்பா, கொடி இருந்தா தொடாதீங்க. கொடி இல்லைன்னா அது வெறும் கல்லு. உங்களுக்குப் பாடம் இவ்வளவுதான்."

"பரீட்சை உண்டா?"

"உண்டு. நீங்க பாஸ் பண்ற மாதிரி வைக்கறேன்."

வாட்ச்மேன் என்னைவிட மூத்தவர். கூடாரத்தையும் தட்டுகளையும் கொடி குத்திய நிலத்தையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பேச்சு குறைவு. எனக்குப் பேச்சு அதிகம் என்பதால் எங்கள் சிநேகம் நன்றாகவே ஓடியது. என் மகள் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். சில நாள் முன்னால் காரில் வந்த ஒரு ஆள் இங்கே கிடைப்பதை விற்பீர்களா என்று அவரிடம் கேட்டிருக்கிறான். அவர் அவனை விரட்டிவிட்டு உடனே குழுத் தலைவரான பெரிய மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்கிறார். ஒழுங்காக வந்து சொன்னதே பிறகு அவர் தலையில் விழுந்தது.

சம்பவ நாளன்று காலையில் அந்தக் கற்கோடரி கண்ணில் பட்டு, கொடி குத்தி, என் மகள் அளந்து படமும் எடுத்துவிட்டாள். பெரிய மேடம் வேறு அலுவலகத்துக்குப் போயிருந்தார். போனில் கேட்டதும், எடுக்க வேண்டாம், கிடக்கிற இடத்திலேயே நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே அது அங்கேயே கிடந்தது. நான் அந்த நேரம் தண்ணீர் கேன் எடுக்கப் போயிருந்ததால் இது எதுவும் எனக்குத் தெரியாது. அதன் பிறகு குழு மேட்டின் மறுபக்கம் சாப்பிடப் போய்விட்டது. நான் திரும்பி வந்தபோது கூடாரத் துணி கிழிகிற மாதிரி காற்று அடித்துக்கொண்டிருந்தது.

என் வண்டியின் கைப்பிரேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இருக்கிறது. இழுத்தால் சத்தமும் வரும். வண்டி மட்டும் நிற்காது. ஆகையால் சரிவில் நிறுத்தினால் இறங்கியதும் சக்கரத்துக்கு ஒரு கல் போடுவது என் வழக்கம். அன்று மேட்டில் ஏற்றி நிறுத்தி, கேனை இறக்கக் கதவைத் திறந்தேன், வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. பின்னால் கழுவிக் காயவைத்த துண்டுகள் தட்டுத் தட்டாக இருந்தன. வண்டி போயிருந்தால் கற்காலம், இரும்புக்காலம், இடைக்காலம் எல்லாவற்றையும் நானே ஒரே காலமாக ஆக்கியிருப்பேன். தோளால் முட்டுக் கொடுத்துக்கொண்டு கால் எட்டும் தூரத்தில் பார்த்தேன். ஒரு கல் தெரிந்தது. பக்கத்தில் கொடி இருக்கிறதா என்றும் பார்த்தேன். அந்த அவசரத்திலும் பார்த்தேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளவும். கொடி இல்லை. காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய் முள் புதரில் மாட்டியிருந்ததை என் மகள் மறுநாள்தான் கண்டுபிடித்தாள்.

கல்லைக் காலால் இழுத்து சக்கரத்துக்கு அடியில் தள்ளினேன். கறுப்புக் கல், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, வழுவழுப்பானது, குறுக்கே ஒரு வெள்ளை ரேகை, ஒரு முனை மெல்லிசு, மறு முனை தடிப்பு. செய்து வைத்தது போலப் போய் உட்கார்ந்தது. செய்து வைத்ததுதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கல் எனக்கு வாய்த்ததில்லை. கேனை இறக்கிய பிறகு அதைத் துடைத்து, ஒரு துணியில் சுற்றி, ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன். கூடாரத்துப் பக்கம் வாட்ச்மேன் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையசைத்தேன். அவர் பதிலுக்கு அசைக்கவில்லை. கண்ணில் வெயில் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேறு வாடகைக்குப் போய்விட்டேன்.

பிறகு பெரிய மேடம் வந்து பார்த்தபோது இடம் காலியாக இருந்தது. மறுநாள், அதாவது நேற்றுக் காலை, எல்லோரும் தேடினார்கள். நானும் தேடினேன். அந்தக் கல்லின் படத்தை யாரும் எனக்குக் காட்டவில்லை. கோடரி என்றதும் பிடியோடு இருக்கும் என்று நினைத்து நான் பிடியைத் தேடினேன். மத்தியானம் வரை குனிந்து தேடியதில் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அதன் பிறகு பெரிய மேடம், காரில் வந்த ஆள் வாட்ச்மேனிடம் பேசியதையும் சேர்த்துப் புகார் கொடுத்தார். இந்த நிலையத்திலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்து எல்லோருடைய பைகளையும் சோதனை செய்துவிட்டு என் வண்டிக்கும் வந்தார். அவர் பின்கதவைத் திறந்து ஏறியதும் வண்டி அசைந்தது. அவர் கீழே குதித்தார்.

"என்னண்ணே, வண்டி தானாப் போகுது?"

"அதுக்கு அப்படி ஒரு பழக்கம் சார். சீட்டுக்குப் பின்னால கல்லு இருக்கு, எடுத்துப் போடுங்க."

அவரே எடுத்தார். அவரே சக்கரத்துக்குப் போட்டார். அதன் பிறகு வண்டியை ஒரு இடம் விடாமல் சோதனை செய்து, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கதவோரம் நின்ற அதே போலீஸ்காரரைப் பார்த்தார். நான் வேண்டுமானால் அந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்று சொன்னேன். போலீஸ்காரர் காதைச் சொறிந்துகொண்டு, "எழுதுங்க சார், நான்தான் போட்டேன். நல்லாத்தான் உட்கார்ந்துச்சு" என்றார். மேலதிகாரி முன்னால் அப்படிச் சொல்ல எவ்வளவு மனசு வேண்டும். அவருக்கு என் நன்றியை இங்கேயே சொல்லிக்கொள்கிறேன்.

பின்னர் வாட்ச்மேனை விசாரித்திருக்கிறார்கள். யாராவது எடுத்ததைப் பார்த்தாயா என்று கேட்டதற்குப் பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை, பார்த்தேன் என்றும் சொல்லவில்லை, சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கார்க்காரன் வந்துபோன கதையும் இருந்ததால் சந்தேகம் அவர்மேல் விழுந்தது. மாலையில் இங்கே அழைத்து வந்துவிட்டார்கள். கொடி குத்திய பொருள் தன் பொறுப்பில் இருந்ததால் என் மகளிடமும் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பெரியப்பா எடுத்திருக்க மாட்டாருப்பா" என்று மட்டும் சொன்னாள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று நானும் சொன்னேன். யார் எடுத்தானோ அவன் நாசமாகப் போகட்டும் என்று என் மனைவி சபித்தாள். நானும் ஆமாம் என்றேன்.

இன்று காலை மகள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து விளக்கம் எழுத உட்கார்ந்திருந்தாள். நான் டீ கொண்டுபோய் வைத்தபோது அவள் தோளுக்கு மேலாகப் படத்தைப் பார்த்தேன். அளவுகோல், அம்பு, நடுவில் கறுப்புக் கல், குறுக்கே வெள்ளை ரேகை.

"ஏம்மா, நம்ம வண்டிக் கல்லை எதுக்குப் படம் எடுத்து வச்சிருக்க?"

"எந்த வண்டிக் கல்லு?"

"இப்போ வாசல்ல சக்கரத்துக்கு அடியில இருக்கே, அது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதன் பிறகு செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போய், குனிந்து, கல்லை உருவக் கை நீட்டினேன்.

"தொடாதீங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. என்னை வண்டியில் ஏறி, காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு அசையாமல் உட்காரச் சொன்னாள். அதன் பிறகு உள்ளே போய் அளவுகோலையும் அம்பையும் எடுத்து வந்து, சக்கரத்துக்கு அடியில் வடக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்து, தரையில் படுத்துப் படம் எடுத்தாள். கிடக்கிற இடத்தில் பதிவு செய்யாமல் எதையும் எடுக்கக் கூடாதாம். எதிர்வீட்டுத் தையல்காரர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து, "என்ன பிரேக்கண்ணே, வண்டிக்கு எக்ஸ்ரேயா?" என்று கேட்டார். நான் காலை எடுக்க முடியாத நிலையில் இருந்ததால் மரியாதையாக ஆமாம் என்றேன். என் மனைவி வாசற்படியில் நின்று, "அந்த பிரேக்கைச் சரி பண்ணுங்க, சரி பண்ணுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். இப்போ போலீசு வரைக்கும் வந்தாச்சு. திருப்தியா?" என்றாள். நேற்று சபித்ததை அவள் திரும்ப வாங்கிக்கொண்டாளா என்று இதுவரை கேட்கவில்லை.

படம் எடுத்து முடித்து மகள் நடைபாதையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். சட்டென்று நிறுத்தி, "அப்பா, பெரியப்பா உள்ளே இருக்காரு" என்றாள். அதன் பிறகு எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் பெரிய மேடத்துக்குப் போன் செய்தாள். கல்லைத் தன் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அதே வண்டியில் நேராக இங்கே வந்தோம்.

இங்கே வாட்ச்மேன் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி அவருக்குப் போர்வையும் காலையில் டீயும் கொடுத்திருந்தார்கள் என்று அவரே சொன்னார், அதற்கும் என் நன்றி. நான் இன்ஸ்பெக்டரிடம் கல்லைக் காட்டி விஷயத்தைச் சொல்லி முடித்ததும் வாட்ச்மேன் பெஞ்சை விட்டு எழுந்தார்.

"அப்போ நீங்க திருடலையா?"

"என்னண்ணே கேக்கறீங்க?"

"நீங்க எடுத்துத் துடைச்சு, துணியில சுத்தி, சீட்டுக்குப் பின்னால வச்சதைப் பார்த்தேன். போதாததுக்கு எனக்குக் கையசைப்பு வேற. எடுத்துட்டுக் கையசைக்கிற திருடனை என் சர்வீஸ்லயே பார்த்ததில்லை."

பார்த்துவிட்டு ஏன் சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டர் அவரைக் கேட்டார். "சொன்னா அந்தப் பொண்ணு வேலை போயிடும் சார். அப்பன் செஞ்சதுக்கு அது என்ன பண்ணும்? எனக்கு எந்த வாசல்லயும் வாட்ச்மேன் வேலை கிடைக்கும். அதுக்கு இந்த வேலை மறுபடி கிடைக்குமா?" என்றார். என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஏதோ பெரிய கஷ்டம்னு நினைச்சேன். இல்லைன்னா நீங்க போய் இதைச் செய்வீங்களா" என்றார். என் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பேசாமல் இருந்ததை இந்த நிலையத்தில் உள்ளவர்கள் இப்போது நம்ப மாட்டார்கள், ஆனால் நடந்தது.

ஒரு நொடி எனக்கு ரோஷம் வந்தது உண்மை. இந்த மூஞ்சியைப் பார்த்துத் திருடன் என்று நினைத்துவிட்டாரே என்று. அடுத்த நொடி புரிந்தது. என்னை நல்லவன் என்று நம்பி உதவியவர்கள் உண்டு. அது பெரிய விஷயமில்லை, யாரும் செய்வார்கள். என்னைத் திருடன் என்று முடிவே கட்டிவிட்டு, அதற்குப் பிறகும் என் பிள்ளைக்காக ஒரு ராத்திரி முழுக்க இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் இவர் ஒருவர்தான்.

அதன் பிறகு பெரிய மேடம் வந்தார். கல்லை வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடித்த முனையில் புதிதாக ஒரு கீறல் இருந்தது. என் மகளிடம், "இடம் அளந்தாச்சில்ல?" என்று கேட்டார். அளந்துவிட்டேன் என்றாள். "அப்போ ஒண்ணும் தொலையலை. கீறலை மட்டும் வேன் சக்கரத்தால ஆனதுன்னு தெளிவா எழுதும்மா. பின்னால யாராவது வந்து கற்கால மனுஷன் போட்ட கீறல்னு ஆராய்ச்சி பண்ணிடப் போறாங்க" என்றார். விளக்கம் எழுத வேண்டாம், இந்த வாக்குமூலத்தின் நகல் போதும், நாளை வழக்கம்போல வேலைக்கு வா என்றும் அவளிடம் சொன்னார். பின்னர் வாட்ச்மேன் முன்னால் போய் நின்று, விசாரிக்காமல் புகாரில் உங்களைச் சொன்னது என் தப்பு, மன்னிக்கணும் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். புகாரைத் திரும்பப் பெற எழுதியும் கொடுத்தார். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், அது நன்றிக்கா, இனிமேல் வராதே என்பதற்கா என்று தெரியவில்லை. இரண்டுக்குமே நான் தகுதியானவன்தான்.

வாட்ச்மேனுக்கு நான் கடமைப்பட்டிருப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லப்போனேன். ரைட்டர் பேனாவைக் கீழே வைத்து, "நன்றியெல்லாம் இதுல வராதுண்ணே. நடந்ததை மட்டும் சொல்லுங்க" என்றார். நடந்ததே அதுதான் சார் என்றேன். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எழுதுங்க என்றார். ஆகவே எழுதப்படுகிறது: எனக்கும் என் மகளுக்கும் அவர் செய்தது எங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் செய்யாதது. அவர்மேல் எந்தக் கரும்புள்ளியும் எந்தக் காகிதத்திலும் இருக்கக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

கடைசியில் சாட்சியாக யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று கேட்டார்கள். வாட்ச்மேன் போடட்டும் என்றேன். விசாரணையில் இருப்பவர் சாட்சி போட முடியாது என்றார்கள். அப்படியானால் முதலில் அவரை விடுங்கள், நான் காத்திருக்கிறேன், எனக்கு இன்று வாடகை எதுவும் இல்லை என்றேன். விடுவிக்கும் காகிதத்தை எழுதி, அவருடைய டார்ச்சையும் இடுப்புப் பட்டையையும் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் படி இறங்கி வெளியே போனார். தெருவில் கொஞ்ச நேரம் நின்றார். கூடவே போன என் மகளோடு மறுபடியும் வாசல் வழியாக உள்ளே வந்தார். இந்த முறை பெஞ்சில் உட்காரப் போனவரைத் தடுத்து நாற்காலி போட்டார்கள்.

மேலே எழுதியிருப்பதை ரைட்டர் சத்தமாகப் படித்துக் காட்ட நாங்கள் எல்லோரும் கேட்டோம். நான் சொன்னதைவிடத் தமிழ் நன்றாக இருக்கிறது, விஷயம் மாறவில்லை. அத்தனையும் உண்மை, என் மனதாரச் சொன்னது. வாட்ச்மேன் எனக்கு மூத்தவர், முதலில் அவர் கையெழுத்துப் போடட்டும் என்றேன். சட்டப்படி நான்தான் முதலில் போட வேண்டுமாம். போடுகிறேன். கீழே அவருடையது.

(கையொப்பம்) வாக்குமூலம் கொடுத்தவர், வேன் ஓட்டுநர்

(கையொப்பம்) சாட்சி, வாட்ச்மேன்